சாக்குத் தொங்கிய மேற்கு வாசல்

அக்கா,

இன்று காலை என் குமாஸ்தா ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆடிக்காற்று. மேசைமேல் வைத்திருந்த வக்காலத்துகள் பறந்துபோய் எதிர்த்த டீக்கடையில் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தன. அவர் கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமலிருக்க ஒரு கருங்கல்லை உருட்டி அண்டக்கொடுத்தார். நான் உள்ளறையிலிருந்து வந்தேன். அந்தக் கல்லைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. என்னைவிட வயசில் மூத்த மனுஷர். கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவருக்குக் காரணம் தெரியாது. சொல்லாமலே புரிந்துகொள்கிற ஒரே ஆள் நீங்கள். நீங்களும் சித்திரையில் போய்விட்டீர்கள். அதனால்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்த புதிதில் உங்கள் ஷெட்டுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? விருதுநகரில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நேராக வந்த திமிர். வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு நாலு பக்கமும் வாசல் எதற்கு? எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் இன்னொரு பக்கம் ஓடுவதற்கு. கதவு ஏன் வெளிப்பக்கமாகத் திறக்கிறது? ஓடி வருகிறவன் நின்று இழுத்துக்கொண்டிருக்க முடியாது, தள்ளிவிட்டு ஓட வேண்டும். நூல் சேலைதான் உடுத்த வேண்டும். நைலான் ஆகாது, கொண்டை ஊசி ஆகாது, செருப்பை வெளியே விட வேண்டும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நீங்கள் மட்டும், “எல்லாஞ் சரி தம்பி, காத்து எந்த வாசல் வழியா வரணும்னு சொல்லலியே?” என்று கேட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் உங்களை முறைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவரை அண்ணன் என்றும் உங்களை அக்கா என்றும் கூப்பிட்டேன். அண்ணன் பெண்சாதி மதினிதானேடா, அது எப்படி அக்காவாகும் என்று எங்கள் அம்மா கேலி செய்வாள். எப்படியோ அது அப்படியே நிலைத்துவிட்டது.

காற்றுக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனி பிறந்துவிட்டால் அந்தக் கரிசல் பொட்டலில் மேற்கேயிருந்து காற்று சுழற்றிக்கொண்டு வரும். அறைக்குள் மருந்துத்தூள் எழும்பி எல்லார் முகத்திலும் அப்பும். மேற்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டிக்கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். “சீசன் முடியட்டும் பாப்போம்” என்றார். தீபாவளி சீசன் எந்த வருஷமும் அவர் நினைக்கிற சமயத்தில் முடிந்ததில்லை. ஆகவே எல்லா ஷெட்டிலும் நீங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். மேற்கு வாசல் கதவைச் சாத்தி, இடுக்கு வழியாகக் காற்று வராமல் உள்ளே ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க வெளியே ஒரு கல். நான் சுற்றி வரும்போதெல்லாம் கல்லை உருட்டிவிட்டுக் கதவைத் திறப்பேன். நான் அடுத்த ஷெட்டுக்குப் போனதும் கல் திரும்ப வந்துவிடும். என்னை வைத்துப் பூனை, எலி விளையாட்டு நடத்தினீர்கள்.

அன்று காலையிலும் திறந்துவிட்டேன். “அண்ணே, வேணாம்ணே” என்று சொல்லிச் சாக்கையும் உருவி எறிந்தேன். அண்ணன் கோபப்படவில்லை. “அவ கண்ணப் பாருங்க தம்பி. செக்கச்செவேர்னு கெடக்கு, தொறக்க முடியல. இந்த லோடு மட்டும் போகட்டும், தொறந்தே போட்டுருதேன்” என்றார். நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தீர்கள். முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போனேன். நான் போனதும் அவர் வெளியே வந்து கதவைச் சாத்திக் கல்லை வைத்திருக்கிறார். உங்கள் கண்ணுக்காகத்தான். அவர் செய்ததில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை.

நீங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போன நேரத்தில் கிழக்கு மூலையில் தீப்பிடித்தது. அண்ணனும் கூட இருந்த இரண்டு பெண்களும், புகையில் மற்ற வாசல் தெரியாமல், தீக்கு நேர் எதிரே மேற்கே ஓடியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது நீங்கள் அந்தக் கல்லை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். கதவுத் தகரம் சிவந்துகொண்டிருந்தது. உங்களை நான்தான் இழுத்துப்போட்டேன். உள்ளே இருந்த மூன்று பேரும் பிழைக்கவில்லை. உங்கள் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு பிரியவே இல்லை.

சாயங்காலம் என்னைப் போலீசில் கூட்டிக்கொண்டு போனார்கள். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே. விபத்து நடந்தால் முதலாளி வெளியூர் போய்விடுவார், முன் ஜாமீன் வாங்கிக்கொண்டு வருவார். சர்டிபிகேட்டில் பெயர் இருக்கிற போர்மேன் உள்ளே போவான். அவனுக்கு வக்கீலும் கம்பெனியே ஏற்பாடு செய்யும். அந்த வக்கீல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “நீங்க எதுவும் பேசிராதீக. எல்லாத்தையும் கம்பெனி பாத்துக்கிடும்.” நானும் நம்பினேன். நடந்ததைப் பார்த்த நீங்கள் உயிரோடு இருந்தீர்கள், எனக்கு எதற்குப் பயம்?

கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறி நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெள்ளைச் சேலை. கையைச் சுற்றித் துணி. அரசு வக்கீல் கேட்டார்: “மேற்குக் கதவை அடைக்கச் சொன்னது யாரும்மா?” நீங்கள் அந்தக் கையைத் தூக்கி என்னைக் காட்டினீர்கள். “இந்தத் தம்பிதான்யா” என்றீர்கள். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புகிறபோது தம்பி என்று யாராவது சொல்வார்களா? என் வக்கீல் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்றார். அப்பீல் போடுவோம் என்றும் சொன்னார். போடவில்லை. போர்மேன்மேல் கேஸ் முடிந்தால்தான் கம்பெனிக்கு லைசென்ஸ் திரும்பும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஓராண்டு தண்டனை.

மதுரை ஜெயிலில் நான் இருந்த அறைக்கு ஒரு வாசல். அது உள்பக்கம் திறந்தால் என்ன, வெளிப்பக்கம் திறந்தால் என்ன? ஆனாலும் பழக்கம் போகவில்லை. படுத்தவுடன் கண் இன்னொரு வாசலைத் தேடும். சாயங்காலம் பூட்டிவிட்டு வார்டர் நடந்து போகிற சத்தம் தேய்ந்ததும் எனக்கு மூச்சு முட்டும். கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். கூட இருந்தவர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு கம்பி ஓரத்து இடத்தை எனக்கே விட்டுவிட்டார்கள். அங்கேயும் மேற்குக் காற்று வந்தது. அப்போதெல்லாம் உங்களைத்தான் திட்டினேன். அண்ணனைத் திட்ட மனசு வரவில்லை. செத்தவரை எப்படித் திட்டுவது? உங்களை மட்டும் விடவில்லை. அந்தத் தம்பி என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன்.

வெளியே வந்தபிறகு எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடவில்லை. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். வாங்க என்று நான் சொல்லவில்லை. நீங்களும் உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னீர்கள்.

“கதவ அவுகதான் அடைச்சாக தம்பி.”

“எனக்குத் தெரியாதா? கோர்ட்டுல சொல்ல வேண்டியத இப்ப எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்றீகளா? போங்க” என்று கத்தினேன்.

நீங்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே உங்களை உட்காரவைத்து மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னீர்கள். “ஒம் புருசன் கதவ அடைச்சான்னு எழுதுனா அவன் தப்பாயிரும். சட்டப்படி வர்ற நட்டஈடு ஒரு பைசா வராது. அந்த ரெண்டு வீட்டுக்காரனும் ஒன்னய ஊருல இருக்க விட மாட்டான். பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்வ? போர்மேன் அடைக்கச் சொன்னாருன்னு சொல்லு. அவன் படிச்ச பய, பொழச்சுக்கிடுவான்.” கை வெந்து, புருஷன் வெள்ளைத் துணியில் கிடக்கிற நேரம். உங்கள் மகள் செல்விக்கு அப்போது பல்கூட விழுந்து முளைக்கவில்லை.

அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன், என்னைப் போன்றவன் கதவைச் சாத்துவது எவ்வளவு பெரிய கோபம் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் வந்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தீர்கள். கடைசியில் அம்மாதான் உங்களை உள்ளே கூப்பிட்டாள். நீங்கள் போனபிறகு என்னிடம் சொன்னாள்: “அவ பிள்ளைக்குச் சோறு போட ஒன்னய வித்துட்டா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். போயி வேலையப் பாருலே.” எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதற்குமேல் உங்களிடம் சத்தம் போட முடியவில்லை.

சட்டம் படிக்கப் போனதைப் பெரிய லட்சியம் என்று ஊரில் சிலர் இப்போது பேசுகிறார்கள். லட்சியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னை வைத்து ஒரு வழக்கு நடந்தது. அதில் என்ன பேசினார்கள், ஏன் பேசாமலிருந்தார்கள் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அந்த ஆத்திரம்தான். கையில் டிகிரி இருந்தது. பகலில் வகுப்பு, மற்ற நேரம் தகரம் அடிப்பது என்று ஓட்டினேன்.

இழப்பீட்டுச் சட்டம் நடத்திய அன்று நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான். மத்தியான வகுப்பு, பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வாத்தியார் ஒரு பிரிவை வாசித்தார். தொழிலாளி வேண்டுமென்றே விதியை மீறியிருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளி இறந்துபோனால் அந்தச் சலுகை கிடையாது. அவன் என்ன தப்பு செய்திருந்தாலும் குடும்பத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நான் எழுந்து இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். மூன்றாவது முறையும் கேட்டபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன்தான் அடைத்தார் என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லியிருந்தாலும் பணம் வந்திருக்கும். மேனேஜர் சொன்னது பச்சைப் பொய். நான் ஜெயிலுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறி உங்கள் ஊர் விலக்கில் இறங்கினேன். கம்பெனி வேன் வந்து நின்றது. நீங்கள் இறங்கினீர்கள். செல்வி ஓடிவந்து உங்கள் தூக்குவாளியைப் பிடுங்கித் திறந்து பார்த்தாள். அவளுக்காக மிச்சம் வைத்திருந்த பணியாரம் உள்ளே இருந்திருக்க வேண்டும். நீங்கள் சிரித்தீர்கள். நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வக்கீலாகப் பதிவு செய்யப் போன இடத்தில் தண்டனை பெற்றவன் என்று என்னைத் துருவிக் கேட்டார்கள். கவனக்குறைவு வழக்குதான், ஒழுக்கக்கேடு இல்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். விருதுநகரில் போர்டு மாட்டிய வாரம் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். என் கறுப்புக் கோட்டின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர்கள்.

“இது நூலே இல்லையே தம்பி. பூராம் பாலியஸ்டரு. இத மாட்டிக்கிட்டு நம்ம ஷெட்டுப் பக்கம் வந்தா நீகளே ஒங்கள வெளிய தொரத்திருவீக.”

வெகுநாளைக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தேன். கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொன்னேன். செல்வி பாட்டிலோடு வாசல் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

“இப்பத்தான் நீக சட்டமெல்லாம் படிச்சுட்டீகளே. கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு அவுகதான் அடைச்சாகன்னு நான் உள்ளதச் சொல்லியிருந்தா, அந்தப் பணம் வந்திருக்குமா தம்பி?”

நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒட்டிப்போன அந்த விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பாட்டிலைப் பிடித்திருந்தீர்கள்.

“வந்திருக்காதுக்கா” என்றேன்.

“அப்ப வேற வழி இல்ல, என்ன?”

“வேற வழி இல்ல.”

நீங்கள் பெருமூச்சு விட்டுவிட்டுக் கலரைக் குடித்தீர்கள். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் சொன்ன முதல் பொய் உங்களிடம் சொன்னது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வந்திருக்கும் என்று சொன்னால், ஒருவனை வீணாகச் சிறைக்கு அனுப்பினேன் என்று மிச்ச ஆயுள் முழுக்க நீங்கள் நினைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் ஓராண்டில் வெளியே வந்துவிட்டேன். உங்களை அப்படி ஒன்றுக்குள் தள்ள எனக்குக் கை வரவில்லை.

ஆனால் அந்தப் பொய் நம் இருவரையும் சேர்த்துப் பூட்டிவிட்டது அக்கா. அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும், சாப்பிட்டீகளா என்று கேட்பதைப்போல அதைக் கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, செல்வி பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று. “வேற வழி இல்லல்ல தம்பி?” “இல்லக்கா.” உங்கள் ஊரில் என் பெயர் இன்றுவரை கதவடைத்த போர்மேன்தான். எத்தனையோ வழக்குகள் ஜெயித்தாயிற்று. உங்கள் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர்கூட என்னிடம் வருவதில்லை. அந்த இரண்டு பெண்களின் வீட்டார் என்னை எதிரே கண்டால் தெருவைத் தாண்டிப் போகிறார்கள். நான் வாயைத் திறந்தால் பழி அண்ணன்மேல் போகும், உங்கள்மேல் போகும், செல்விமேல் போகும். ஆகவே திறக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தீர்கள். பேச்சு வரவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தீர்கள். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் கிடக்கிறீர்கள் என்று நினைத்துக் குனிந்து நானாகவே, “வேற வழி இல்லக்கா” என்றேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் எப்படியும் வந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்களோ, எப்போது தெரிந்துகொண்டீர்களோ. இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் கேட்டீர்களா? நான் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லமாட்டேனா என்று பார்த்தீர்களா? இதைக் கேட்க இப்போது ஆளில்லை.

உங்கள் சாவுக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்: “கதவடைச்ச போர்மேன் வந்திருக்காரு பாரு. என்ன தைரியம்!” செல்வி காதிலும் அது விழுந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் இன்னொரு கம்பெனியில் விபத்து. செய்தி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது எப்போதும் அப்படித்தான். கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் நான் பிணவறை வாசலுக்குப் போய்விட வேண்டும். வழக்குப் பிடிக்க வந்த வக்கீல் என்று ஏசுகிறார்கள். ஏசட்டும். வேப்பமரத்தடியில் ஒரு அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். செத்தது அவள் மகன். நானும் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன். செத்தவக என்ன தப்பு செஞ்சிருந்தாலும் நட்டஈடு வரும். அதுக்காக யார்மேலயும் பழி போட வேண்டியதில்ல. போலீசு கேட்டா நடந்தத மட்டும் சொல்லுங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “நெசமாவாய்யா? எம் மகன்தான்யா கதவ அடைச்சான். காத்து தாங்கலன்னு கூட வேல பாத்தவக சொல்லுதாக. அப்பயும் வருமா?” என்றாள்.

“வரும்மா.”

அவளும் கூட வேலை பார்த்தவர்களும் அப்படியே எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் போர்மேன் இப்போது ஜாமீனில் இருக்கிறான், வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனைக் கை நீட்டிக் காட்ட யாரும் கூண்டில் ஏறப்போவதில்லை. நான் கிளம்பும்போது அந்த அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். “இம்புட்டுத் தெளிவாச் சொல்லுதீகளே, எல்லார்ட்டயும் இப்படிச் சொல்லுவீகளாய்யா?”

“ஒருத்தவுக கேட்டப்ப மாத்திச் சொல்லிட்டேன்மா” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

குமாஸ்தா வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பறந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது, காற்று நேராக என் மேசைக்கு வருகிறது, இந்தத் தாளை முழங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கலர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், சொல்லிவிடுகிறேன்.

வந்திருக்கும் அக்கா. அவுகதான் அடைச்சாகன்னு நீங்க சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.